கருப்பொருள் பூங்காக்களின் வடிவமைப்பில் நினைவேக்கமும் மாற்றமும்: டிஸ்னிலாந்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

மக்கள் வழக்கில் ‘தீம் பார்க்’ எனப்படும் கருப்பொருள் பூங்காக்களில் ஒரு பழைய சவாரி நீக்கப்படும்போதோ மாற்றப்படும்போதோ, பழமையைப் போற்றுவோருக்கும் புதுமையை வேண்டுவோருக்கும் இடையே கருத்து மோதல் எழுகிறது. நினைவேக்கமும் மாற்றமும் ஒன்றுக்கொன்று முரணானவை என்னும் எண்ணமே இம்மோதலுக்கு அடிப்படை. 1955இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தையும், அதன் வழியில் 1971இல் ஃபுளோரிடாவில் எழுந்த மேஜிக் கிங்டம் பூங்காவையும் சான்றுகளாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வெண்ணத்தை மறுபரிசீலனை செய்கிறது. நினைவேக்கம் இப்பூங்காக்களுக்கு வெளியிலிருந்து வந்த தடையன்று, அவற்றின் முதல் கட்டுமானப் பொருள் என்பதும், பழைய சவாரியை மாற்றுவதில் எழும் உண்மையான வினா ‘பழமையா, புதுமையா’ என்பதன்று, ‘எதன் நினைவு, யாருடைய நினைவு’ என்பதே என்பதும் இக்கட்டுரையின் துணிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: கருப்பொருள் பூங்கா, நினைவேக்கம், டிஸ்னிலாந்து, வெளி வடிவமைப்பு, பண்பாட்டு நினைவு, எதிர்காலக் கற்பனை.

முன்னுரை

கேளிக்கைக்கான வெளிகள் நெடுங்காலம் ஆய்வுலகின் கவனத்தைப் பெறவில்லை. கோயில், அரண்மனை, நூலகம், அருங்காட்சியகம் ஆகியவை பண்பாட்டு நினைவைத் தாங்கும் இடங்களாகக் கருதப்பட்டன. பூங்காவும் பொருட்காட்சித் திடலும் பொழுதுபோக்கு என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கப்பட்டன. உம்பெர்த்தோ எக்கோ, ழான் போத்ரியார் முதலிய சிந்தனையாளர்கள் டிஸ்னிலாந்தைத் தம் எழுத்துகளில் எடுத்தாண்டபின் இந்நிலை மாறியது. எனினும் அவர்கள் இருவரும் போலிக்கும் உண்மைக்கும் உள்ள உறவையே முதன்மையாக நோக்கினர். அப்போலியான வெளியில் மனிதர்கள் தம் உண்மையான வாழ்நாளின் சில மணி நேரங்களைக் கழிக்கிறார்கள் என்பதும், அந்நேரங்கள் பிற்காலத்தில் அவர்களது நினைவாக மாறுகின்றன என்பதும் அவ்வாய்வுகளில் போதிய இடம் பெறவில்லை.

பூங்கா ஒன்று எழுபது ஆண்டுகள் நிலைத்திருக்கும்போது இச்செய்தி முதன்மை பெறுகிறது. பெற்றோரின் கைப்பிடித்து ஒரு சவாரியில் ஏறிய குழந்தை, பிறகு தன் குழந்தையோடும் பேரக்குழந்தையோடும் அதே சவாரிக்குத் திரும்பி வருகிறது. அவ்விடத்தில் வேறொன்று நின்றால் அது வெறும் பொழுதுபோக்கின் இழப்பாக உணரப்படுவதில்லை. மறுபுறம், பூங்காவை நடத்துவோர் புதிய தலைமுறையை ஈர்க்க வேண்டியவர்களாகவும், பழைய எந்திரங்களைப் பராமரிக்க வேண்டியவர்களாகவும், முந்தைய காலம் கேள்வியின்றி ஏற்ற சித்திரிப்புகளை இன்றைய அறவுணர்வின்முன் வைத்துப் பார்க்க வேண்டியவர்களாகவும் உள்ளனர். இவ்விரு நெருக்கடிகளுக்கும் இடையில் வடிவமைப்பு எவ்வாறு செயல்படுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நினைவேக்கம்: சொல்லும் கருத்தும்

‘நாஸ்டால்ஜியா’ என்னும் சொல்லை 1688இல் யொஹான்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அளித்த ஆய்வேட்டில் உருவாக்கினார். ‘வீடு திரும்புதல்’, ‘வலி’ எனப் பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. தாயகத்தை விட்டு நீங்கியோருக்கு வரும் நோயையே அவர் அச்சொல்லால் குறித்தார். இடத்தைப் பிரிந்ததால் வந்த நோயைக் குறித்த சொல், காலப்போக்கில் கடந்துபோன காலத்தைப் பற்றிய ஏக்கத்தைக் குறிப்பதாயிற்று. பிரிந்த இடத்திற்குத் திரும்பிச் செல்லலாம். கடந்த காலத்திற்குத் திரும்ப இயலாது. இவ்வேறுபாடு பின்வரும் ஆய்வுக்கு அடிப்படையாகும்.

தமிழில் இதற்கு ‘மலரும் நினைவுகள்’ என்னும் வழக்கு உண்டு. ஆயின் அத்தொடர் இனிய நினைவைச் சுட்டுமேயன்றி, அதனுள் கலந்திருக்கும் இழப்பின் வலியைச் சுட்டுவதில்லை. ‘ஏக்கம்’ என்னும் சொல் வலியைச் சுட்டினும், அது இனி வரவேண்டியதை நோக்கியும் அமையலாம். ஆகவே இக்கட்டுரையில் ‘நினைவேக்கம்’ என்னும் சொல் ஆளப்படுகிறது.

ஸ்வெத்லானா போய்ம் 2001இல் வெளியிட்ட தம் நூலில் நினைவேக்கத்தை இருவகையாகப் பகுத்தார். இழந்ததை அப்படியே மீளக் கட்டியெழுப்ப முனைவது ஒன்று. இழப்பை ஏற்று, அதன் தொலைவை உணர்ந்தவாறு எண்ணிப் பார்ப்பது மற்றொன்று. முன்னதை மீட்பு நினைவேக்கம் என்றும், பின்னதைச் சிந்தனை நினைவேக்கம் என்றும் தமிழில் குறிக்கலாம். கருப்பொருள் பூங்கா இவற்றுள் முதல்வகைக்கு மிகப் பொருத்தமான களமாகத் தோன்றும். எனினும் அதன் வரலாறு இரண்டாம் வகையின் தேவையையே உணர்த்துகிறது என்பது பின்னர் விளக்கப்படும்.

2. அடித்தளமாக அமைந்த நினைவேக்கம்

டிஸ்னிலாந்து 1955 ஜூலை 17 அன்று அனஹைம் நகரில், ஆரஞ்சுத் தோப்புகளாக இருந்த நிலத்தில் திறக்கப்பட்டது. உள்நுழையும் எவரும் முதலில் கடக்க வேண்டிய பகுதி ‘மெயின் ஸ்ட்ரீட் யு.எஸ்.ஏ.’ எனப்படும் கடைத்தெருவாகும். இது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் தோற்றத்தை உடையது. குதிரை இழுக்கும் டிராம் வண்டி, நகர மன்றம், தீயணைப்பு நிலையம், நீராவி ரயில் நிலையம் ஆகியன அங்கு உள்ளன. 1901இல் பிறந்த வால்ட் டிஸ்னி, 1906 முதல் சில ஆண்டுகள் மிசூரி மாநிலத்தின் மார்சலின் என்னும் சிற்றூரில் வாழ்ந்தார். அவ்வூரின் நினைவும், வடிவமைப்பாளர் ஹார்ப்பர் காஃப் பிறந்த கொலராடோ மாநிலத்து ஃபோர்ட் காலின்ஸ் நகரின் கட்டடங்களும் இத்தெருவின் உருவாக்கத்தில் பங்கு பெற்றன.

இத்தெருவின் கட்டுமான உத்தி நோக்கத்தக்கது. திரைப்பட அரங்க அமைப்பில் பயின்றவர்கள் இதனை வடிவமைத்தனர். மேல்தளங்கள் கீழ்த்தளத்தைவிடச் சிறிய அளவில் கட்டப்பட்டுள்ளமையால், கட்டடங்கள் உள்ள உயரத்தைவிடக் கூடுதல் உயரமுடையனவாகத் தோன்றுகின்றன. அதேவேளையில் முழுத்தெருவும் மனிதரை அச்சுறுத்தாத, கைக்கு அடக்கமான அளவில் உள்ளது. குழந்தைப் பருவத்தில் கண்ட தெருவைப் பெரியவரான பின் காணும்போது அது சுருங்கியிருப்பதாகத் தோன்றும் இயல்பான அனுபவத்தை இவ்வுத்தி கட்டடமாகவே ஆக்கிவிட்டது எனலாம். மேலும், உண்மையான சிற்றூர்த் தெருவில் இருந்திருக்கக்கூடிய சேறும் வறுமையும் இனப் பாகுபாடும் இங்கு இல்லை. நினைவு விலக்கியவற்றைக் கட்டடமும் விலக்கியது.

எனவே இப்பூங்கா தோன்றும்போதே நினைவேக்கத்தின்மீதுதான் எழுப்பப்பட்டது. திறப்பு விழாவில் வால்ட் டிஸ்னி வாசித்த அர்ப்பண உரையும், முதியோர் தம் இனிய கடந்த காலத்தை மீண்டும் வாழ்வதற்கும் இளையோர் எதிர்காலத்தின் அறைகூவலைச் சுவைப்பதற்கும் உரிய இடமாக இதனைக் குறிப்பிட்டது. அதேவேளையில், கற்பனை உலகில் எஞ்சியிருக்கும் வரை இப்பூங்கா நிறைவு பெறாது என்னும் கருத்தையும் அவர் வெளிப்படுத்தியுள்ளார். ஆகவே நினைவேக்கம், மாற்றம் ஆகிய இரண்டுமே நிறுவனரின் சொற்களில் இடம்பெற்றுள்ளன. இன்று இருதரப்பினரும் தத்தம் சார்பாக அவரையே மேற்கோள் காட்டுவதற்கு இதுவே காரணமாகும்.

இங்கு ஒரு கணக்கீடு சிந்தனைக்குரியது. 1955இல் மெயின் ஸ்ட்ரீட் நினைவூட்டிய காலம் அன்றைக்கு ஏறத்தாழ 50 ஆண்டுகள் முந்தையது. அன்று வந்தவர்களுள் மூத்தோர் அக்காலத்தில் வாழ்ந்தவர்கள். இன்று பூங்காவே 70 ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அதாவது, மெயின் ஸ்ட்ரீட் கட்டப்பட்டபோது அது சித்திரித்த கடந்த காலத்தைவிட, இன்று அப்பூங்காவின் சொந்தக் கடந்த காலம் நீண்டதாகிவிட்டது. அச்சிற்றூரை நேரில் அறிந்தவர் எவரும் இன்று இல்லை. இன்று அத்தெருவில் நடப்பவர் 1900களின் அமெரிக்காவை நினைவுகூர்வதில்லை. தாம் சிறுவயதில் அத்தெருவில் நடந்ததையே நினைவுகூர்கிறார். நினைவேக்கத்தின் கருவி, காலப்போக்கில் நினைவேக்கத்தின் பொருளாக மாறியுள்ளது.

இவ்வகையில் பூங்காவில் மூன்று அடுக்குகளாக நினைவேக்கம் செயல்படுகிறது. வாழ்ந்து கண்ட காலத்தின் மீதான ஏக்கம் முதல் அடுக்கு. நேரில் காணாத, சித்திரிப்பின் வழியே அறிந்த காலத்தின் மீதான ஏக்கம் இரண்டாம் அடுக்கு. பூங்காவின் மீதே எழும் ஏக்கம் மூன்றாம் அடுக்கு. மாற்றம் பற்றிய பூசல்கள் பெரும்பாலும் மூன்றாம் அடுக்கில் நிகழ்கின்றன. ஆனால் விவாதங்களில் அவை முதல் அடுக்கின் மொழியில், அதாவது ‘மரபைக் காத்தல்’ என்னும் மொழியில், பேசப்படுகின்றன.

3. பழமையாகிவிட்ட எதிர்காலம்

கடந்த காலத்தைச் சித்திரிக்கும் பகுதி பழமையடைவதால் கெடுவதில்லை. எதிர்காலத்தைச் சித்திரிக்கும் பகுதியோ பழமையடைந்தால் தன் பொருளையே இழக்கிறது. டிஸ்னிலாந்தின் ‘டுமாரோலாந்து’ இதற்குச் சான்றாகும். 1955இல் அது 1986ஆம் ஆண்டின் உலகைக் காட்டுவதாக அமைக்கப்பட்டது. 1957இல் மான்சான்டோ நிறுவனத்தின் ஆதரவில் பிளாஸ்டிக்கால் ஆன ‘எதிர்கால இல்லம்’ அங்கு திறக்கப்பட்டது. பத்தே ஆண்டுகளில் அது பழங்கதையாகி, 1967இல் இடிக்கப்பட்டது. இடிக்க வந்த இரும்புக் குண்டு அதன் சுவரில் பட்டுத் தெறித்தது என்று கூறுவர். பொருள் அழியாமல் நிற்க, அது காட்டிய எதிர்காலம் மட்டும் அழிந்துபோன முரணை அந்நிகழ்வு உணர்த்துகிறது.

1967இல் டுமாரோலாந்து முழுமையாகப் புதுக்கப்பட்டது. மெதுவாக ஊர்ந்து செல்லும் ‘பீப்பிள்மூவர்’ என்னும் உயர்பாதைச் சவாரி அதன் அடையாளமாயிற்று. 1995இல் அது நிறுத்தப்பட்டது. அதே பாதையில் 1998இல் ‘ராக்கெட் ராட்ஸ்’ என்னும் விரைவுச் சவாரி தொடங்கப்பட்டது. சாய்வற்ற வளைவுகளைக் கொண்ட அப்பாதை மெதுவான பயணத்திற்கெனக் கட்டப்பட்டதாதலால், வண்டி ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் அச்சவாரி கைவிடப்பட்டது. வெற்றுப் பாதை மட்டும் அதன்பின் நெடுங்காலம் பார்வையாளரின் தலைக்கு மேல் நின்றது. பழையதன் உடலைத் தக்கவைத்து அதன் இயல்புக்கு மாறான பணியை அதன்மேல் ஏற்றினால் பழமையும் காக்கப்படுவதில்லை, புதுமையும் நிலைப்பதில்லை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இச்சிக்கலுக்கு வடிவமைப்பாளர்கள் கண்ட தீர்வும் நினைவேக்கத்தின் வழியதே. 1992இல் பாரிசு நகருக்கு அருகே திறக்கப்பட்ட பூங்காவில் டுமாரோலாந்துக்கு மாற்றாக ‘டிஸ்கவரிலாந்து’ அமைக்கப்பட்டது. அது பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்தாளர் ஜூல் வெர்ன் போன்றோர் கனவு கண்ட எதிர்காலத்தைக் காட்டியது. ஃபுளோரிடாவிலும் 1994இல், முந்தைய அறிவியல் புனைவுகள் கற்பனை செய்த, ஆனால் ஒருபோதும் வந்துசேராத எதிர்காலம் கருப்பொருளாக்கப்பட்டது. வரவிருக்கும் எதிர்காலத்தைக் காட்டினால் அது தேய்ந்துவிடும். முன்னோர் கண்ட எதிர்காலத்தைக் காட்டினால் அது தேய்வதில்லை. எதிர்காலமே இவ்வாறு நினைவேக்கத்தின் பொருளாக்கப்பட்டது.

‘கரோசல் ஆஃப் புராக்ரஸ்’ என்னும் சுழலரங்கக் காட்சியும் இங்குக் கருதத்தக்கது. 1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திற்காக இது உருவாக்கப்பட்டது. 1967இல் டிஸ்னிலாந்துக்கும் 1975இல் ஃபுளோரிடாவுக்கும் பெயர்ந்தது. நிலையான மேடைகளைச் சுற்றிப் பார்வையாளர் அமரும் அரங்கு சுழல, ஒரே குடும்பம் வெவ்வேறு காலங்களில் மின்சாரக் கருவிகளோடு வாழ்வதை எந்திரப் பாவைகள் நடித்துக் காட்டுகின்றன. முதல் மூன்று காட்சிகள் கடந்த காலத்தைச் சார்ந்தமையால் அவை தேய்வதில்லை. ‘இன்றைய’ இறுதிக்காட்சியே காலத்திற்கேற்ப மாற்றப்பட வேண்டியிருந்தது. 1990களில் திருத்தப்பட்ட இறுதிக்காட்சியில் குரலுக்குக் கட்டுப்படும் அடுப்பு வியப்பாகக் காட்டப்பட்டது. குரலுக்குச் செவிசாய்க்கும் கருவிகள் வீடுகளில் இயல்பாகிவிட்ட இன்று, அவ்வியப்பும் நான்காவது கடந்த காலமாகிவிட்டது. முன்னேற்றத்தைப் புகழ எழுந்த காட்சி, முன்னேற்றத்தின்மீது மக்கள் ஒருகாலத்தில் வைத்திருந்த நம்பிக்கையின் ஆவணமாக மாறியுள்ளது. அதனை முழுமையாகப் புதுப்பித்தால் அந்த ஆவணத்தன்மை அழியும். தொடாமல் விட்டால் அது தன் பெயருக்கே முரணாகும்.

4. மாற்றமும் மீட்பும்

மாற்றங்களுள் சில நிலைத்தன; சில பின்வாங்கப்பட்டன. பின்வாங்கப்பட்டவற்றை ஆராய்வதால், பார்வையாளர் உண்மையில் எதனை நினைவில் போற்றுகின்றனர் என்பதை அறியமுடிகிறது.

1963இல் டிஸ்னிலாந்தில் ‘என்சாண்டட் டிக்கி ரூம்’ திறக்கப்பட்டது. பாடும் எந்திரப் பறவைகளைக் கொண்ட இக்காட்சி, ஒலியோடு ஒத்தியங்கும் பாவைத் தொழில்நுட்பத்தின் தொடக்கப் படைப்பாகும். ஃபுளோரிடாவில் இருந்த இதன் வடிவம் 1998இல் மாற்றப்பட்டது. ‘அலாதீன்’, ‘தி லயன் கிங்’ ஆகிய திரைப்படங்களின் பறவைப் பாத்திரங்கள் புதிய உரிமையாளர்களாக வந்து, பழைய காட்சியை அலுப்பூட்டுவது என எள்ளுவதாக அம்மாற்றம் அமைந்தது. அறையும் பறவைகளும் அப்படியே இருந்தன. 2011இல் நேர்ந்த தீ விபத்துக்குப் பின், அதே ஆண்டில் பழைய காட்சியே சற்றுச் சுருக்கப்பட்டு மீண்டும் நிறுவப்பட்டது.

இரண்டாவது சான்று, எப்காட் பூங்காவில் 1983இல் தொடங்கிய ‘ஜர்னி இன்டு இமாஜினேஷன்’ என்னும் சவாரி. அதில் ஃபிக்மெண்ட் என்னும் ஊதாநிறக் குட்டி டிராகன் குழந்தைகளின் உள்ளங்கவர்ந்த பாத்திரமாகும். 1998இல் சவாரி மூடப்பட்டு, 1999இல் அப்பாத்திரம் பெரும்பாலும் நீக்கப்பட்ட வடிவில் திறக்கப்பட்டது. 2001இல் அது மீண்டும் மூடப்பட்டு, 2002இல் ஃபிக்மெண்ட் முதன்மை இடம்பெறும் வகையில் திறக்கப்பட்டது.

இவ்விரு சான்றுகளிலும் கட்டடம் மாறவில்லை. முதலாவதில் எந்திரங்களும் பெரும்பகுதி மாறவில்லை. மாறியது காட்சி பார்வையாளரை நோக்கிய விதம். முதலாவதில், பார்வையாளரின் பழைய அன்பே நகைப்புக்குரியதாக்கப்பட்டது. இரண்டாவதில், அவர்களை வழிநடத்திச் சென்ற துணை நீக்கப்பட்டது. நினைவு பற்றிக்கொள்வது கல்லையும் கம்பியையும் அன்று, அவை தம்மை வரவேற்ற தொனியையே என்பது இவற்றால் புலனாகிறது.

இதற்கு மறுதலையான சான்றுகளும் உள்ளன. ஃபுளோரிடாவின் ‘மிஸ்டர் டோட்ஸ் வைல்டு ரைடு’ சவாரி ரசிகர்களின் எதிர்ப்பையும் மீறி 1998இல் மூடப்பட்டது. 1999இல் அவ்விடத்தில் ‘வின்னி தி பூ’ சவாரி வந்தது. அதன் உட்சுவரில், மிஸ்டர் டோட் தன் வீட்டுப் பத்திரத்தை ஆந்தையிடம் ஒப்படைப்பதாக ஓர் ஓவியம் மாட்டப்பட்டுள்ளது. டிஸ்னிலாந்திலும் ‘கன்ட்ரி பேர்’ கரடிக் காட்சி நீங்கிய இடத்தில் எழுந்த சவாரியில், பழைய காட்சியில் சுவரில் தொங்கிய மூன்று விலங்குத் தலைகள் திரும்பிப் பார்த்தால் மட்டும் தெரியும் இடத்தில் வைக்கப்பட்டன. அறிந்தோர்க்கு மட்டும் புலப்படும் இத்தகைய நினைவுச் சுவடுகள் இழப்பை மறைப்பதில்லை. இங்கு முன்பு வேறொன்று இருந்தது என ஒப்புக்கொள்கின்றன. போய்ம் கூறிய சிந்தனை நினைவேக்கத்தின் வடிவமைப்பு வெளிப்பாடாக இவற்றைக் கொள்ளலாம்.

5. யாருடைய நினைவு?

மேற்கூறிய சான்றுகளில் சிக்கல் பெரிதும் சுவை சார்ந்தது. சில சவாரிகளில் அது அறம் சார்ந்ததாகிறது.

‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ என்னும் படகுச் சவாரி, வால்ட் டிஸ்னி மறைந்து மூன்று மாதங்களில், 1967 மார்ச்சில் திறக்கப்பட்டது. அவர் நேரடியாக ஈடுபட்ட இறுதிப் படைப்புகளுள் ஒன்று என்பதால் ரசிகர்கள் இதனைத் தனி மதிப்புடன் நோக்குகின்றனர். இதில் கடற்கொள்ளையர் பெண்களைத் துரத்தும் காட்சியும், பெண்களைக் கட்டி மணப்பெண்களாக ஏலமிடும் காட்சியும் நகைச்சுவையாக அமைந்திருந்தன. துரத்தும் காட்சி 1997இல் திருத்தப்பட்டது. இச்சவாரியிலிருந்து பிறந்த திரைப்படத்தின் ஜாக் ஸ்பாரோ பாத்திரம் 2006இல் சவாரிக்குள் சேர்க்கப்பட்டது. 2018இல் ஏலக் காட்சி மாற்றப்பட்டு, ஏலப்பொருளாக நின்ற செம்முடிப் பெண் தானே ஒரு கடற்கொள்ளையராக்கப்பட்டார். கொள்ளைப் பொருள்கள் ஏலத்திற்கு வந்தன.

இம்மாற்றத்தை எதிர்த்தோர், அது வரலாற்றை மறைப்பதாக வாதிட்டனர். ஆயின் அச்சவாரி வரலாற்றைக் காட்டவில்லை. கொடுமை ஒன்றை நகைச்சுவையாகவே காட்டியது. எதிர்த்தோர் அனைவரும் அக்கொடுமையை விரும்பியவர்கள் எனக் கருதுவதும் பிழையாகும். தந்தையின் மடியில் அமர்ந்து படகில் சென்ற குழந்தைக்கு அக்காட்சி பொருளறியா வண்ணக்கோலமாகவே பதிந்திருக்கும். அந்நினைவு உண்மையானது, அக்காட்சியின் பொருளும் உண்மையானது. இவ்விரண்டுள் ஒன்றை மறுத்து மற்றொன்றைக் காப்பது எளிது. இரண்டையும் ஒருங்கே ஏற்பதே ஆய்வாளரின் கடமையாகும்.

‘ஸ்பிளாஷ் மவுண்டன்’ சவாரியில் இச்சிக்கல் மேலும் ஆழமானது. 1989இல் டிஸ்னிலாந்தில் திறக்கப்பட்ட இச்சவாரி, 1946இல் வெளிவந்த ‘சாங் ஆஃப் தி சவுத்’ திரைப்படத்தின் அசைவூட்டப் பகுதிகளை அடிப்படையாகக் கொண்டது. அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்கரின் வாய்மொழிக் கதைகளை, ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் என்னும் வெள்ளையர் தொகுத்து எழுதிய நூல்களிலிருந்து அத்திரைப்படம் உருவானது. தோட்ட வாழ்வை இனிமையானதாகக் காட்டுகிறது என்று அப்படம் வெளிவந்தபோதே கறுப்பின மக்களின் முன்னேற்ற அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. பிற்காலத்தில் அந்நிறுவனமே அப்படத்தை அமெரிக்காவில் வீட்டு ஒளிப்பதிவாக வெளியிடவில்லை. சவாரியை வடிவமைத்தோரும் கதைசொல்லியான ரீமஸ் மாமாவை விலக்கினர். கதையில் வரும் தார்ப்பொம்மைக்கு மாற்றாகத் தேனை வைத்தனர். ஆக, 1989ஆம் ஆண்டின் ‘மூல வடிவமே’ ஒரு திருத்தப்பட்ட வடிவமாகும்.

மேலும், கலிபோர்னியாவில் அச்சவாரிக்குள் இயங்கிய எந்திரப் பாவைகளுள் பெரும்பாலானவை, 1974 முதல் 1988 வரை நடந்த ‘அமெரிக்கா சிங்ஸ்’ என்னும் காட்சியிலிருந்து எடுத்துவரப்பட்டவை. அக்காட்சியோ, ‘கரோசல் ஆஃப் புராக்ரஸ்’ ஃபுளோரிடாவுக்குப் பெயர்ந்தபின் வெற்றிடமான சுழலரங்கில் நடந்தது. பழமை என்று போற்றப்பட்ட சவாரி, தனக்கு முந்தைய பழமையின் உறுப்புகளால் ஆனது. பூங்காவில் தூய தொடக்கம் என ஒன்றில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

2020 ஜூனில் இச்சவாரியின் கருப்பொருள் மாற்றப்படும் என அறிவிக்கப்பட்டது. 2023இல் அமெரிக்காவின் இரு பூங்காக்களிலும் அது மூடப்பட்டது. 2009இல் வெளிவந்த ‘தி பிரின்சஸ் அண்ட் தி ஃபிராக்’ திரைப்படத்தின் நாயகியும், டிஸ்னி இளவரசியருள் முதல் கறுப்பினப் பெண்ணுமான டியானாவைக் கருவாகக் கொண்ட ‘டியானாஸ் பாயு அட்வென்ச்சர்’ 2024 ஜூனில் ஃபுளோரிடாவிலும், நவம்பரில் கலிபோர்னியாவிலும் திறக்கப்பட்டது. நீரோடையும் இறுதிப் பெருவீழ்ச்சியும் பழையனவே. கதையும் பாவைகளும் இசையும் புதியன.

இங்கு வடிவமைப்பு ஒரு நுண்ணிய பகுப்பைச் செய்துள்ளது. ஒரு சவாரியில் இயக்கம், கதை, சூழல் என மூன்று கூறுகள் உள்ளன. உடல் நினைவில் கொள்வது இயக்கத்தை: வயிறு கலங்கும் அவ்வீழ்ச்சியையும், முகத்தில் தெறிக்கும் நீரையும். மனம் நினைவில் கொள்வது கதையையும் சூழலையும். இயக்கத்தைக் காத்துக் கதையை மாற்றியதன் வழியே உடலின் நினைவு தலைமுறைகளுக்கிடையே தொடர வழி செய்யப்பட்டது. முன்பு அச்சவாரியின் மூலக்கதையில் தம் முன்னோர் சிறுமைப்படுத்தப்பட்டதாக உணர்ந்தோர்க்கும் அந்நினைவில் பங்கு கிடைத்தது. பழைய பாடல்களோடு பிணைந்த நினைவுகளுக்கு இது இழப்பே என்பதையும் மறுப்பதற்கில்லை. முதல் தரப்பின் இழப்பு நினைவின் தொடர்ச்சியில் நேர்ந்தது. மற்றத் தரப்பின் இழப்போ அந்நினைவில் தொடக்கத்திலேயே இடமின்மையாக இருந்தது. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுப்பதற்குமுன் இவ்வேறுபாடு கருதப்பட வேண்டும்.

6. காப்பதற்கு உரியவர் யார்?

நினைவு மக்களுடையதாயினும் வெளி நிறுவனத்தினுடையது. பொதுக் கட்டடங்களின் காப்புக்குச் சட்டமும் மன்றமும் உள்ளன. கேளிக்கை அமைப்புகளும் சில இடங்களில் அக்காப்பினைப் பெற்றுள்ளன. நியூயார்க்கின் கோனி தீவில் 1927இல் கட்டப்பட்ட ‘சைக்ளோன்’ மரச் சவாரி, 1988இல் அந்நகரின் காக்கப்பட வேண்டிய சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆயின் கருப்பொருள் பூங்காக்களில் எது நிற்கும், எது நீங்கும் என்பது பெரும்பாலும் உரிமையாளரின் முடிவாகும். மேஜிக் கிங்டத்தில் 1971 முதல் இருந்துவந்த ‘ரிவர்ஸ் ஆஃப் அமெரிக்கா’ ஆற்றுப் பகுதியும் அதன் படகும் 2025 ஜூலையில் நிறுத்தப்பட்டன. அவ்விடம் ‘கார்ஸ்’ திரைப்படத்தைச் சார்ந்த புதிய பகுதிக்கு ஒதுக்கப்பட்டது. ஸ்பிளாஷ் மவுண்டன் மாற்றத்திற்கு அறஞ்சார்ந்த காரணம் இருந்தது. ஆற்றை நீக்கியதில் வணிகத் தேவையும், நிறுவனத்தின் திரைப்படப் பாத்திரங்களுக்கு இடமளிக்கும் போக்குமே முதன்மையாகத் தெரிகின்றன. இவ்விரு மாற்றங்களையும் ‘நவீனமாதல்’ என்னும் ஒரே சொல்லால் வழங்குவது ஆய்வுக்குத் துணைசெய்யாது.

நிலையான மாற்றத்திற்கு மாற்றாகப் பருவகால மாற்றம் என்னும் வழியும் உள்ளது. 1969இல் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தின் ‘ஹான்டட் மேன்ஷன்’ பேய் மாளிகைக்கு 2001 முதல் ஆண்டின் சில மாதங்கள் மட்டும் வேறொரு திரைப்படத்தின் அலங்காரம் பூட்டப்பட்டு, பின்னர் களையப்படுகிறது. மீளத்தக்க மாற்றம் என்பது காப்புக் கலையில் மதிக்கப்படும் நெறி. அது பூங்காவில் வணிக உத்தியாகவே தோன்றினும், பழையதும் புதியதும் ஒரே இடத்தில் முறைவைத்து வாழ இயலும் என்பதைக் காட்டுகிறது.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. நினைவேக்கம் கருப்பொருள் பூங்காவின் வளர்ச்சிக்கு எதிரான ஆற்றலன்று. அதன் தோற்றத்திற்கே காரணமான ஆற்றலாகும். பூங்கா தன் ஆயுள் நீள நீள, நினைவூட்டும் கருவி என்னும் நிலையிலிருந்து நினைவுகூரப்படும் பொருள் என்னும் நிலைக்கு மாறுகிறது.

2. எதிர்காலத்தைக் காட்டும் பகுதிகளே மிக விரைவாகப் பழமையடைகின்றன. கடந்துபோன எதிர்காலக் கனவுகளைக் கருப்பொருளாக்குவதே இதற்கு வடிவமைப்பாளர் கண்ட தீர்வாகும்.

3. பின்வாங்கப்பட்ட மாற்றங்களை நோக்கும்போது, பார்வையாளர் பெரிதும் போற்றுவது பருப்பொருளை அன்று, தம்மை வரவேற்ற தொனியையும் துணையையுமே என அறியமுடிகிறது.

4. ஒவ்வொரு ‘மூல வடிவமும்’ முந்தைய திருத்தங்களின் விளைவாகும். ஆகவே மூலத்தைக் காத்தல் என்னும் வாதம் தனித்து நிற்க இயலாது. எதன் நினைவு, யாருடைய நினைவு என்னும் வினாக்களோடு சேர்த்தே அது ஆராயப்பட வேண்டும்.

5. சவாரியின் இயக்கம், கதை, சூழல் ஆகியவற்றைப் பிரித்து நோக்கும்போது, எதைக் காக்கலாம், எதை மாற்றலாம் என்பது குறித்த தெளிவான முடிவுக்கு வர இயலும்.

மார்சலின் என்னும் சிற்றூரை ஒருவர் நினைத்தபடி கட்டினார். அவர் கட்டியதைப் பல்லாயிரவர் தத்தம் போக்கில் நினைக்கின்றனர். அந்நினைவுகள் ஒவ்வொன்றையும் ஒரே கட்டடத்தில் காத்தல் இயலாது. ஆயினும், நீக்கப்படுவதை இங்கு இருந்தது என ஒப்புக்கொள்வதும், புதிதாக வருவோருக்கு நினைவில் பங்களிப்பதும் இயலும். கருப்பொருள் பூங்கா வடிவமைப்பின் தரத்தை மதிப்பிட இவ்விரண்டும் அளவுகோல்களாக அமையலாம். இவற்றைப் பிற நாடுகளின் கேளிக்கை வெளிகளோடு பொருத்தி ஆராய்வது மேலாய்வுக்குரிய களமாகும்.